'அவங்களைப் பார்க்க எனக்கு இஷ்டமில்ல' - குழந்தையின் இந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது? மனநலமும் சட்டமும் சொல்வது என்ன?

குடும்ப நீதிமன்ற வளாகங்கள் பலவற்றில் குழந்தைகளைச் சந்திப்பதற்கென்றே ஓர் அறை இருக்கும். சில பொம்மைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமாக ஓர் ஊழியர். பிஸ்கட் பாக்கெட்டும் கலர் பென்சிலும் வாங்கிக்கொண்டு ஒரு தந்தையோ தாயோ காத்திருப்பார். குழந்தை வரும். ஆனால், முகம் கொடுத்துப் பேசாது. "அவங்களைப் பார்க்க எனக்கு இஷ்டமில்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு முன்புவரை அதே மடியில் தூங்கிய குழந்தைதான்.

அந்த வரி குழந்தையின் சொந்த வார்த்தையா? யாரோ சொல்லிக் கொடுத்ததா? அல்லது அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே பயப்படக் காரணம் இருக்கிறதா? இந்த மூன்றில் எது உண்மை என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குழந்தையின் எதிர்காலமும் இரண்டு பெரியவர்களின் வாழ்க்கையும் அமைகிறது. கண்டுபிடிப்பது அத்தனை சுலபம் இல்லை.

சமீப ஆண்டுகளில் இந்தப் பேச்சோடு இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது: 'நார்சிசிஸ்ட்'. ரீல்ஸைத் திறந்தால் 'உங்கள் கணவர் நார்சிசிஸ்டா?', 'உங்கள் மனைவி நார்சிசிஸ்டா? 7 அறிகுறிகள்' என்று வரிசைகட்டி வருகின்றன. இந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை? குழந்தையைப் பிரிந்து தவிக்கும் பெற்றோருக்கு இது எந்த அளவு உதவும்? விரிவாகப் பார்ப்போம்.

நார்சிசிஸ்ட் என்றால் யார்?

தண்ணீரில் தெரிந்த தன் முகத்தின் மீதே காதல் கொண்ட நார்சிசஸ் என்ற கிரேக்கப் புராண இளைஞனின் பெயரில் இருந்து வந்த சொல் இது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம் என்ற வழிகாட்டி நூலில், 'நார்சிசிஸ்டிக் ஆளுமைக் கோளாறு' 1980-ல் இடம்பிடித்தது. தன்னைப் பற்றிய மிதமிஞ்சிய கற்பனை, ஓயாமல் பாராட்டை எதிர்பார்ப்பது, அடுத்தவரின் வலியை உணராமை, பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது என 9 அம்சங்களை அந்த நூல் பட்டியலிடுகிறது. குறைந்தது 5 இருக்க வேண்டும். அவை நீண்ட காலமாக, வாழ்க்கையின் பல தளங்களிலும் தென்பட வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் நேரில் பரிசோதிக்கும் மனநல நிபுணர். பக்கத்து வீட்டுக்காரரோ, வக்கீலோ, யூடியூப் சேனலோ அல்ல.

செல்ஃபி எடுப்பவர், கோபக்காரர், சுயநலக்காரர் எல்லோரும் நார்சிசிஸ்ட் இல்லை. அதேபோல், 'நார்சிசிஸ்டிக் அப்யூஸ்' என்பதும் மருத்துவ நூல்களில் இருக்கும் நோய்ப் பெயர் கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வதற்காகப் புழக்கத்துக்கு வந்த சொல்.

அதற்காக இதை ஒதுக்கிவிடவும் முடியாது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓர் ஆளை உள்ளுக்குள் நொறுக்க முடியும். அந்த ஊமைக் காயத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும்போது, "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லை" என்ற நிம்மதி வருகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

அடிக்காமலே வதைப்பது எப்படி?

பெரும்பாலான கதைகளில் ஆரம்பம் இனிப்பாகவே இருக்கும். அளவுக்கு மீறிய அன்பு, ஓயாத போன், "நீ இல்லாம நான் இல்ல" என்ற வசனங்கள். கொஞ்ச காலத்தில் குறை சொல்வது தொடங்கும். சமையல், உடை, சம்பளம், பிறந்த வீடு என எதுவும் மிச்சம் இருக்காது. நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவார்கள், அல்லது விலக்கப்படுவார்கள்.

அடுத்து வருவது 'கேஸ்லைட்டிங்'. 1938-ல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய ஆங்கில நாடகத்தின் தலைப்பில் இருந்து வந்த சொல் இது. அதில் கணவன், வீட்டின் எரிவாயு விளக்கு மங்குவதைப் பார்க்கும் மனைவியை, அவளுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நம்பவைப்பான். நம்மூர் பாஷையில், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே, நீயா கற்பனை பண்ணிக்கிற" என்பதுதான் அது. தினமும் கேட்டால், தன் ஞாபகத்தின் மீதே ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு பெயர் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997-ல் இதை 'டார்வோ' என்று சுருக்கமாகக் குறிப்பிட்டார். முதலில் மறுப்பது, பிறகு கேட்டவரையே தாக்குவது, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று இடம் மாறி உட்கார்ந்துகொள்வது. பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள், யார் அழுதாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். உண்மையில் வதைபட்டவர் வார்த்தை வராமல் உட்கார்ந்திருப்பார்.

ஆணுக்கும் இது நடக்கும், பெண்ணுக்கும் நடக்கும். பணமும் வீடும் சமூக அந்தஸ்தும் யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு இதைச் செய்வது எளிது. நம் சூழலில் அந்தப் பலம் பெரும்பாலும் கணவன் வீட்டுப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிரிந்த பிறகும் ஏன் முடிவதில்லை?

"அதான் தனியா வந்துட்டீங்களே, இனிமே என்ன?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அடக்கி ஆள்வதையே உறவாக நினைத்த ஒருவருக்கு, பிரிவு என்பது தோல்வி. துணை கையை விட்டுப் போன பிறகு, அவரைத் தொட்டுவிடக்கூடிய ஒரே கயிறு குழந்தைதான்.

குழந்தையைத் திருப்புவது பெரும்பாலும் ஒரே நாளில் நடக்காது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படித்தான். போன் வரும்போது "இப்பத்தான் தூங்கினான்" என்பது. பிறந்தநாள் பரிசை மறைத்துவிட்டு, "பாரு, உன்னை ஞாபகமே இல்ல" என்பது. "அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா", "அப்பா காசு தர மாட்டேங்கிறார், அதான் உனக்கு சைக்கிள் இல்ல" என்று பெரியவர்களின் கணக்கைக் குழந்தையின் தலையில் ஏற்றுவது. சந்தித்துவிட்டு வந்த குழந்தை சிரித்தபடி வீட்டுக்குள் நுழைந்தால், அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது.

இந்தக் கடைசிப் பாடத்தைக் குழந்தை வேகமாகக் கற்றுக்கொள்ளும். அங்கே சந்தோஷமாக இருந்தால் இங்கே அன்பு குறையும். சோறு போடுவதும் ஸ்கூலுக்கு அனுப்புவதும் இந்த வீடு. ஆகவே, பிழைப்பதற்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்ற பழமொழி இந்த இடத்தில் பொருந்தாது. அந்தப் பிள்ளை மனம் கல்லாகவில்லை, பயந்துபோயிருக்கிறது.

உயிரோடு இருப்பவருக்காகத் துக்கம்

குழந்தையை இழந்த பெற்றோருக்கு ஊரே துணை நிற்கும். குழந்தை வேறொரு தெருவில் நலமாக வளர்ந்துகொண்டிருக்க, பார்க்க முடியாமல் தவிப்பவருக்கு எந்தச் சடங்கும் இல்லை, யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. 'உனக்கு ஏதோ கோளாறு இருக்கு, அதான் பிள்ளையே வரல' என்ற பார்வைதான் மிஞ்சும்.

அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் பாலின் பாஸ் இந்த மாதிரியான இழப்பை 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்கு இந்தக் கருத்து உருவானது. ஆள் இறந்துவிட்டார் என்று அழுது முடிக்கவும் முடியாது. வருவார் என்று நம்பி உட்காரவும் முடியாது. விவாகரத்தில் பிள்ளைகளைப் பிரிந்தவர்களின் நிலையையும் இந்த வகையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

தூக்கமின்மை, பள்ளி வேன் ஒன்றைப் பார்த்தாலே படபடப்பு, பண்டிகை நாட்களில் ஊரை விட்டே ஓடிவிடும் எண்ணம், வேலையில் கவனமின்மை, 'நான்தான் தப்பா?' என்று திரும்பத் திரும்ப வரும் கேள்வி. இவை ஒரு தீராத இழப்பின் இயல்பான அறிகுறிகள். பலவீனத்தின் அடையாளம் இல்லை. தற்கொலை எண்ணம்வரை போனால், அது உடனடி உதவி தேவைப்படும் நிலை.

சட்டம் யார் பக்கம்?

'அப்பாவுக்குத்தான் உரிமை', 'அம்மாவுக்குத்தான் கொடுப்பாங்க' என்று இரண்டு விதமாகவும் சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மை.

1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம், தந்தையை முதல் இயற்கைப் பாதுகாவலர் என்றும், அவருக்குப் 'பிறகு' தாய் என்றும் சொல்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடர்ந்த வழக்கில் 1999-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாத சூழலிலும் தாய் பாதுகாவலராக இருக்கலாம் என்று விளக்கியது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எல்லா மதத்தினரும் நாடக்கூடிய பொதுவான சட்டம், 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம். விவரம் புரியும் வயதில் இருக்கும் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது அது. கவனியுங்கள், 'கருத்தில் கொள்ளலாம்' என்றுதான் இருக்கிறது. குழந்தை சொல்வதே தீர்ப்பு என்று இல்லை. இறுதி அளவுகோல் குழந்தையின் நலன் மட்டுமே.

பெண்களுக்கு, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. வார்த்தையாலும் மனதாலும் வதைப்பதையும் அந்தச் சட்டம் வன்முறையாகவே கருதுகிறது. 21-வது பிரிவின் கீழ் குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரலாம். எதிர்த்தரப்பின் சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால், நீதிமன்றம் அதை அனுமதிக்காமலும் இருக்கலாம்.

2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு விஷயத்தைத் தெளிவுபடுத்தியது. பெற்றோர் இருவரின் அன்பும் கிடைப்பது குழந்தையின் அடிப்படை மனித உரிமை, நேரில் சந்திக்க முடியாவிட்டால் வீடியோ கால் போன்ற வழிகளிலாவது தொடர்பு இருக்க வேண்டும் என்றது. இதைப் பெற்றோரின் உரிமையாக மட்டும் பார்க்காமல் குழந்தையின் உரிமையாக வைத்தது முக்கியம். இருவரும் பொறுப்பைப் பகிரும் கூட்டுக் கஸ்டடி முறையைச் சட்டத்திலேயே கொண்டுவரலாம் என்று சட்ட ஆணையம் 2015-ல், தனது 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது.

ஒரு சொல், இரண்டு முனை

குழந்தையை ஒரு பெற்றோருக்கு எதிராகத் திருப்புவதற்கு 'பேரன்டல் ஏலியனேஷன் சிண்ட்ரோம்' என்று 1985-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர். நம் நீதிமன்றங்களிலும் இந்தச் சொல் ஒலிக்கிறது.

2017-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சின்ன வயதில் இருந்தே தந்தையிடம் வளர்ந்த பெண் குழந்தை. தாயோடு பழகும் வாய்ப்பே இல்லாத குழந்தைக்குத் தந்தை மீது மட்டும் பாசம் இருப்பது இயல்புதானே என்ற கோணத்தில் பார்த்த நீதிமன்றம், இந்தக் கருத்தாக்கத்தையும் குறிப்பிட்டு, குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கும் முடிவை உறுதி செய்தது.

2024-ல் வந்த வேறொரு வழக்கில், இதே வாதத்தைத் தாய் தரப்பு வைத்தது. இந்த முறை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குழந்தையைத் திருப்பும் குறிப்பான நடத்தைகள் எவை என்று அடையாளம் காணாமல், அவசரப்பட்டு ஒரு பெற்றோர் மீது இந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று எச்சரித்தது. குழந்தைகள் தந்தையிடமே இருந்தார்கள்.

இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றலாம். சேர்த்து வாசித்தால் ஒரே பாடம்தான்: பட்டப் பெயர் போதாது, என்ன நடந்தது என்பதைக் காட்டுங்கள்.

இந்த எச்சரிக்கைக்கு உலக அளவிலும் காரணம் இருக்கிறது. கார்ட்னரின் 'சிண்ட்ரோம்' 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 நூலில் ஒரு நோயாகச் சேர்க்கப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தனது நோய் வகைப்பாட்டின் அகர வரிசையில் இருந்தும் அந்தச் சொல்லை நீக்கியது. பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சாலெம் 2023-ல் அளித்த அறிக்கையில், குடும்ப வழக்குகளில் இதைப் பயன்படுத்துவதையே நாடுகள் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஏன்? அடித்த கணவன் மீது புகார் சொல்லும் தாயைப் பார்த்து, "இவள்தான் பிள்ளையைத் திருப்புகிறாள்" என்று சொல்லிவிட்டால், வன்முறையைப் பற்றிய பேச்சே நின்றுவிடுகிறது. உண்மையிலேயே பயப்படும் குழந்தை, பயப்படும் ஆளிடமே அனுப்பப்படும் ஆபத்தும் உண்டு.

மேலே பார்த்த 'டார்வோ'வை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவருக்குக் கேடயமான அதே சொல், வதைப்பவரின் கையில் கத்தியாகிறது. 'நார்சிசிஸ்ட்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். இருவருமே ஒருவரையொருவர் அப்படி அழைக்கும்போது, நீதிபதிக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

குழந்தை ஒரு பெற்றோரை மறுக்கும்போது நிபுணர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: மறுப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறதா? அடி, குடி, பயமுறுத்தல், பல ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்காமை? இருந்தால் அது தற்காப்பு. அப்படி எதுவும் இல்லாமல், நேற்றுவரை ஒட்டிக்கொண்டிருந்த குழந்தை பெரியவர்களின் வார்த்தைகளைக் கடன் வாங்கிப் பேசினால், நல்ல நினைவு ஒன்றைக்கூடச் சொல்ல மறுத்தால், மறுபக்கத் தாத்தா பாட்டியையும் சேர்த்து வெறுத்தால், அப்போதுதான் அடுத்த கேள்வி எழும்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்யலாம்?

*நடத்தையை எழுதுங்கள், பட்டத்தை அல்ல.* "அவர் ஒரு நார்சிசிஸ்ட்" என்பதைவிட, எந்தத் தேதியில் சந்திப்பு மறுக்கப்பட்டது, என்ன காரணம் சொல்லப்பட்டது, எத்தனை போன் எடுக்கப்படவில்லை என்ற குறிப்பு பலம் வாய்ந்தது. மெசேஜ்களை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். துணையின் போன் உரையாடலை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும், அதைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால், குழந்தையை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு வீடியோ எடுக்காதீர்கள். அது இன்னொரு வதை.

*ஒவ்வொரு சந்திப்புக்கும் போங்கள்.* குழந்தை பேசாவிட்டாலும் போங்கள். 'நான் வருவேன்' என்பது மட்டும் பொய்யாகக் கூடாது. நாளை அந்தக் குழந்தை பெரியவராகி யோசிக்கும்போது, யார் வந்தார்கள் என்பது ஞாபகத்தில் இருக்கும்.

*குழந்தையிடம் வாதாடாதீர்கள்.* "அது பொய், உங்க அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னா" என்பதற்குப் பதில், "உனக்குக் கோபம் இருக்குன்னு புரியுது. நான் இங்கதான் இருப்பேன்" என்பது போதும். எதிர்த்தரப்பைத் திட்டினால், அதே போரின் இன்னொரு முனையில் நீங்கள் நிற்பீர்கள்.

*ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள்.* பார்க்க விடவில்லை என்ற கோபத்தில் பணத்தை நிறுத்துபவர்கள் உண்டு. செலவு குழந்தைக்கானது. நிறுத்தினால், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். சந்திப்பு உத்தரவு மீறப்பட்டால், அதே நீதிமன்றத்தில் உத்தரவை நிறைவேற்றக் கோரி மனு போடலாம். ஸ்கூல் வாசலில் போய்த் தூக்கி வருவது தீர்வு இல்லை.

*பதில்களைச் சுருக்குங்கள்.* நள்ளிரவில் பத்து வரி வசை வந்தால், மறுநாள் காலையில் குழந்தை தொடர்பான விஷயத்துக்கு மட்டும் இரண்டு வரி. அந்த மெசேஜை ஒருநாள் நீதிபதி வாசிக்கலாம் என்று நினைத்து எழுதுங்கள்.

*உங்களுக்கும் சிகிச்சை தேவை.* அதைக் காட்டி 'மனநிலை சரியில்லாதவர்' என்று எதிர்த்தரப்பு வாதாடும் என்று பயந்து பலர் போவதில்லை. உதவி தேடுவது பொறுப்பான பெற்றோரின் செயல். ஒரு நல்ல வழக்கறிஞர் அதை அப்படியே எடுத்துச் சொல்ல முடியும்.

சுற்றி இருப்பவர்களுக்கு

"வீட்டுக்கு வீடு வாசப்படி", "குழந்தைக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற அறிவுரைகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தீபாவளி அன்று போன் செய்து, "பிள்ளைய நினைச்சுக்கிட்டு இருப்பேன்னு தெரியும், இங்க வந்து சாப்பிடு" என்று சொல்வது பெரிய உதவி. தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என இரு பக்கமும் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: குழந்தையின் காதில் விழும்படி அந்த இன்னொரு பெற்றோரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வது. "உங்கப்பா சின்ன வயசுல நல்லா வரைவார் தெரியுமா?" என்ற ஒற்றை வரி, மூடப்பட்ட ஒரு கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கும்.

பிரிவு தவிர்க்க முடியாததாக இருக்கலாம். சில வீடுகளில் அதுதான் பாதுகாப்பும்கூட. ஆனால், பாதி அப்பா, பாதி அம்மா என்றே தன்னை அறியும் ஒரு குழந்தையிடம், அதில் ஒரு பாதியை வெறுக்கச் சொன்னால், அது தன்னில் பாதியை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. கஸ்டடி வழக்கில் யார் ஜெயித்தாலும் அந்தக் கணக்கு குழந்தையின் பெயரில்தான் எழுதப்படும்.

மன உளைச்சலில் இருப்பவர்கள் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் 181, குழந்தைகள் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.